தலைக்கு மேல் தாழப் பறக்கும் சின்ன விமானங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள சுபாங் ஜெயாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். சுபாங் விமான நிலையத்தின் ஓடுபாதை இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். நான் வானத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவன் என்பது எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லோருக்கும் தெரியும். அதனால் "அண்ணே, காலையில ஒரு ஏரோப்ளேன் கூரையை உரசிக்கிட்டுப் போச்சே, பாத்தீங்களா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள்.

2023 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு அந்தக் கேள்வியில் பயம் கூடிவிட்டது. அன்று சுபாங்கில் இறங்க வந்த ஒரு சிறிய ஜெட் விமானம் ஷா ஆலாம் எல்மினாவில் சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரோடு, சாலையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 2 பேரும் உயிரிழந்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 13 அன்று, சுபாங்கிலிருந்து கிளம்பிய ஒரு குட்டி விமானம் காப்பாரில் விழுந்து இருவர் இறந்தார்கள். இதற்குப் பிறகு தலைக்கு மேல் சத்தம் கேட்டால் மக்கள் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கிறவர்கள் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சட்டப்படி ஒரு விமானம் எவ்வளவு தாழப் பறக்கலாம்?

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் அடி, ஐந்நூறு அடி.

கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம், நெருக்கமாக வீடுகள் உள்ள ஊர், பட்டணம், திறந்தவெளியில் கூடியிருக்கும் கூட்டம் இவற்றுக்கு மேல் போகும்போது, தன்னைச் சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான பொருளைவிட 1,000 அடி, அதாவது 300 மீட்டர், மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில், அதாவது கடல், வயல், செம்பனைத் தோட்டம், காடு போன்றவற்றின் மேல், தரையிலிருந்தோ நீரிலிருந்தோ 500 அடி, 150 மீட்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் இது பொருந்தாது. அதிகாரிகளின் அனுமதி பெற்றிருந்தாலும் விலக்கு உண்டு.

இது இக்காவோ எனப்படும் அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறைகளும் அவற்றின் கீழ் வந்த உத்தரவுகளும் இதை ஒட்டியவைதான். அமல்படுத்துவது புத்ராஜெயாவில் இருக்கும் விமானப் போக்குவரத்து ஆணையம், சிஏஏஎம். 2018-இல் அது வருவதற்கு முன் இதே வேலையை டிசிஏ என்ற அரசு இலாகா பார்த்தது. வயதானவர்கள் இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்த ஆயிரம் அடியை எங்கிருந்து அளக்கிறார்கள்? என் வீட்டுக் கூரையிலிருந்தா?

உங்கள் கூரையிலிருந்து அல்ல. சுற்றுவட்டாரத்தில் எது உயரமோ அதன் உச்சியிலிருந்து. பலர் தவறவிடுவது இதைத்தான்.

பூச்சோங்கில் தரைவீட்டு வரிசை ஒன்று, அதற்கு அடுத்த தெருவில் நூறு மீட்டர் உயர அடுக்குமாடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே விமானம் தரையிலிருந்து 400 மீட்டர், சுமார் 1,300 அடி இருக்க வேண்டும். கேஎல்சிசி பக்கம் போனால் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். அதன் அருகே பறப்பவர் 752 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. ஏறத்தாழ 2,470 அடி. மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். அதற்குப் பக்கத்தில் 3,200 அடிக்கு மேல் போயாக வேண்டும். ஆக, நகரத்துக்குள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கீழ்வரம்பு மாறிக்கொண்டே இருக்கும்.

ஆயிரம் அடி ஏன்? சத்தத்துக்காகவா?

சத்தம் குறைவது கூடவே கிடைக்கும் நன்மை. விதியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. இதே விதிமுறைகளில் இன்னொரு வாசகம் உண்டு: அவசரம் நேர்ந்தால், தரையில் இருக்கிற மனிதருக்கும் உடைமைக்கும் ஆபத்தில்லாமல் இறங்கக்கூடிய உயரத்தில்தான் ஊருக்கு மேல் பறக்க வேண்டும். ஆயிரம் அடி என்பது அதற்கு மேல் வரும் குறைந்தபட்ச அளவு.

ஒற்றை எஞ்சின் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றுபோனால் அது கல் மாதிரி விழாது. ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் சறுக்கிப் போகும். 1,000 அடியிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாகக் கிடைக்கும். 500 அடியிலிருந்து அதில் பாதி. அந்தத் தூரத்துக்குள் ஒரு பந்து மைதானமோ, வெறும் நிலமோ, ஏரியோ விமானிக்கு அகப்பட வேண்டும். சுபாங் ஜெயாவிலிருந்து பூச்சோங் வரை ஒரு முறை கூகுள் வரைபடத்தில் மேலிருந்து பாருங்கள். பச்சையாகத் தெரியும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால்தான் நெருக்கமான ஊர்களுக்கு மேல் ஆயிரம் அடிகூடப் போதாமல் போகலாம் என்று நான் நினைக்கிறேன். பொறுப்பான விமானி இன்னும் மேலேதான் போவார், மேலே இடம் கொடுத்தால்.

"மேலே இடம் கொடுத்தால்" என்றால்?

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் நெரிசலானது. சுபாங்குக்கும் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ அனைத்துலக விமான நிலையத்துக்கும் வரும் பெரிய விமானங்கள் மேலே அடுக்கடுக்காக இறங்கி வரும். அவற்றோடு மோதாமல் இருக்க, சின்ன விமானங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கீழான உயரத்தைத்தான் பெரும்பாலும் கொடுக்கும். மேலேயும் வரம்பு, கீழேயும் வரம்பு. நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் அவர்கள் போகிறார்கள். நாம் தரையிலிருந்து பார்த்து "வேண்டுமென்றே தாழப் போகிறான்" என்று சொல்வதில் பாதிக்கு இதுதான் விளக்கம்.

கூரையை உரசுகிற மாதிரி இருந்ததே! கண்ணால் பார்த்ததை நம்பக்கூடாதா?

விமானம் போனதை நம்பலாம். உயரத்தை நம்பக்கூடாது. வெறும் வானத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ கிடையாது. அதனால் அளவு தெரியாத ஒரு பொருளின் தூரத்தைக் கண் ஊகிக்கத்தான் செய்யும். சத்தம் கூடினால் அந்த ஊகம் இன்னும் கீழே இறங்கிவிடும்.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேல் ஒன்று போதும். கையை முழுதாக நீட்டி ஸ்கேலைப் பிடியுங்கள். கண்ணுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே பெரியவர்களுக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு முறை நூல் வைத்து உங்கள் கையை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. விமானம் தலைக்கு மேல் வரும்போது ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை ஸ்கேலில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள்.

செஸ்னா 172-இன் சிறகு அகலம் 11 மீட்டர். ஸ்கேலில் 4.4 சென்டிமீட்டர் வந்தால் விமானம் 150 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதாவது 500 அடி. 2.2 வந்தால் 1,000 அடி. 1.1 வந்தால் 2,000 அடி. வேறு விமானமாக இருந்தால் கணக்கு இதுதான்: சிறகின் அகலத்தை மீட்டரில் எடுத்து 60-ஆல் பெருக்கி, ஸ்கேலில் பார்த்த சென்டிமீட்டரால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "தம்பி, அம்பது அடிகூட இருக்காது!" என்றார். விமானம் திரும்பி மறுபடியும் எங்கள் தெருவுக்கு மேலேயே வந்தது. என் மகளின் ஸ்கேலை வாங்கிப் பிடித்தேன். 1.8 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 367 மீட்டர், ஏறத்தாழ 1,200 அடி. அக்காவிடமே ஸ்கேலைக் கொடுத்து அடுத்த சுற்றில் பார்க்கச் சொன்னேன். அவர் 2 சென்டிமீட்டர் என்றார். அதுவும் 1,000 அடிக்கு மேல்தான். அன்றிலிருந்து அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு ஸ்கேல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விமானம் நேர் உச்சியில் இல்லாமல் சாய்வாக இருந்தால், இப்படிக் கிடைப்பது உங்களுக்கும் அதற்கும் இடையிலான சாய்வுத் தூரம். உச்சிக்கும் அடிவானத்துக்கும் சரிபாதியில் இருந்தால் உயரம் அந்தத் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு. இன்னும் தாழ, அடிவானத்திலிருந்து 30 பாகையில் இருந்தால் பாதி. அதனால் நேர் மேலே வரும்வரை காத்திருந்து அளப்பது சுலபம்.

பெரிய விமானம் இன்னும் தாழப் போவது மாதிரி தெரிகிறதே?

அளவு செய்யும் மாயம் அது. சுபாங்கில் தினமும் பார்க்கும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் பயணி விமானத்துக்குச் சிறகு அகலம் 27 மீட்டர். அது 2,400 அடியில் போகும்போது, 1,000 அடியில் போகும் செஸ்னா அளவுக்குத்தான் ஸ்கேலில் தெரியும். 2024 ஆகஸ்டிலிருந்து சுபாங்குக்கு ஜெட் பயணி விமானங்களும் திரும்ப வந்துவிட்டன. போயிங் 737-க்குச் சிறகு கிட்டத்தட்ட 36 மீட்டர். அது 2,000 அடியில் போனாலே மூன்றரை சென்டிமீட்டர் காட்டும். 1965 முதல் 1998 வரை சுபாங்தான் கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம். அந்தக் காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்கு ஜெட் சத்தம் பழசு. பிறகு குடிவந்தவர்களுக்குத்தான் அது திடுக்கிடல்.

இறங்கும் பாதையில் வருபவற்றுக்கு ஒரு சுலபக் கணக்கும் உண்டு. ஓடுபாதையை நோக்கி விமானங்கள் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்கும். ஓடுபாதை முனையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 170 அடி. உங்கள் வீடு 4 கிலோமீட்டர் தள்ளி நேர்கோட்டில் இருந்தால், அவை உங்கள் வீட்டின் மேல் 700 அடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். அது விதிமீறல் இல்லை. இறங்குவதற்கு விலக்கு உண்டு என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

என்ன விமானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சிறகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறம் ஏமாற்றும். சிறகின் இடம் ஏமாற்றாது.

சிறகு உடலுக்கு மேலே இருந்து, அதிலிருந்து உடலின் அடிப்பக்கத்துக்கு ஒரு சாய்ந்த கம்பி இறங்கினால், பெரும்பாலும் செஸ்னா குடும்பம். சக்கரங்கள் உள்ளே மடங்காமல் தொங்கிக்கொண்டே இருக்கும். மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர். சத்தம் பழைய மோட்டார் படகு மாதிரி சீராக இருக்கும். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இதே வடிவம், ஆனால் நீளமாக, வயிற்றில் ஒரு பெட்டி ஒட்டினாற்போல் இருந்து, சத்தம் கீச்சென்ற விசிலோடு வந்தால் அது செஸ்னா கேரவன். அதன் சிறகு 15.9 மீட்டர். போலீஸ் விமானப் பிரிவிலும் கேரவன் உண்டு.

சிறகு உடலுக்குக் கீழே இருந்து, சக்கரம் தொங்கிக்கொண்டு, ஒற்றை எஞ்சினாக இருந்தால் பைப்பர் பிஏ-28 வகையாக இருக்கலாம். விமானம் ஓட்டக் கற்பவர்கள் உலகம் முழுக்கப் பழகும் வண்டி அது. சிறகு கிளைடர் மாதிரி ஒல்லியாக நீண்டு, வாலின் உச்சியில் குறுக்குச் சிறகு 'டி' எழுத்தைப் போல் உட்கார்ந்திருந்தால் டயமண்ட் வகை.

தாழ்ந்த சிறகு, இரண்டு புரொப்பெல்லர், 'டி' வால், சக்கரம் உள்ளே மடங்கியிருக்கும் என்றால் கிங் ஏர் ஆக இருக்கலாம். உயர்ந்த சிறகு, ஆறு இதழ் கொண்ட இரண்டு புரொப்பெல்லர், 'டி' வால் என்றால் ஏடிஆர். ஏடிஆருக்குச் சக்கரங்கள் உடலின் இருபுறமும் புடைத்திருக்கும் பெட்டிக்குள் போகும். கீழிருந்து பார்த்தால் வயிறு உப்பினாற்போல் இருக்கும்.

ஜைரோகாப்டர் என்று ஒன்று இருக்கிறது. பார்த்தவுடன் எல்லோரும் ஹெலிகாப்டர் என்பார்கள். மேலே சுற்றும் இறக்கைக்கு எஞ்சின் இணைப்பு கிடையாது. காற்று தள்ளித்தான் சுற்றும். தள்ளும் புரொப்பெல்லர் முதுகில் இருக்கும். அதனால் அது நின்ற இடத்தில் மிதக்காது. ஒரே இடத்தில் நின்றால் நிச்சயம் ஹெலிகாப்டர்தான்.

ஜூக்ரா குன்றுப் பக்கம் பார்க்கும் வண்ணத் துணிச் சிறகுகள் பாராகிளைடர்கள். அவற்றுக்கு எஞ்சின் இல்லை. முதுகில் விசிறி கட்டிக்கொண்டு பறந்தால் பாராமோட்டார்.

சிறகில் உள்ள எழுத்து எதற்கு?

அது பதிவு எண், நம் காரின் நம்பர் பிளேட் மாதிரி. மலேசிய விமானம் என்றால் 9எம் என்று தொடங்கி, கோடு போட்டு, மூன்று எழுத்து வரும். சிங்கப்பூர் 9வி, தாய்லாந்து எச்எஸ், இந்தோனேசியா பிகே, இந்தியா விடி. இடது சிறகின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். அங்கே எழுத்தின் உயரம் குறைந்தது 50 சென்டிமீட்டர் என்பது அனைத்துலக அளவு. உடலின் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர்.

இதிலேயே உயரத்துக்கு ஒரு துப்பும் இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவர் 300 மீட்டர் தூரத்தில், அசையாத எழுத்தாக இருந்தாலும், சுமார் 44 சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் மட்டுமட்டாகப் படிக்க முடியும். ஓடுகிற விமானத்தில் அதுவும் சிரமம். ஆகவே சிறகின் அடியில் இருப்பதைப் பைனாகுலர் இல்லாமல் சாவகாசமாகப் படித்தேன் என்று ஒருவர் சொன்னால், நான் காது கொடுத்துக் கேட்பேன். அது உண்மையிலேயே தாழப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இரவில் எப்படி அடையாளம் காண்பது?

விளக்குகளை வைத்து. விமானத்தின் இடது சிறகு நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இது எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான். கூடவே மினுக்கும் சிவப்பு அல்லது வெள்ளை விளக்கும் இருக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. 1980-களில் சுபாங்கில் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒரு ராத்திரி என்னை நிறுத்தி, சுருட்டிய பேப்பரால் வானத்தைக் காட்டினார். "பச்சை உன் இடக்கைப் பக்கமும் சிவப்பு வலக்கைப் பக்கமும் இருந்தா அது உன்னைப் பார்த்து வருது. வெள்ளை மட்டும் தெரிஞ்சா உன்னை விட்டுப் போகுது. சிவப்போ பச்சையோ ஒண்ணுதான் தெரியுதா, குறுக்க போகுது." அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கும் வானத்தில் ஒரு விளக்கைப் பார்த்தால் என் கை தானாக இடது வலது பார்க்கும்.

விளக்கு ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், அது உங்களை நோக்கி இறங்கி வரும் விமானத்தின் முன்விளக்கு. அதை மர்மப் பொருளாக நினைத்து எனக்கு வீடியோ அனுப்பியவர்கள் பலர்.

கைப்பேசிச் செயலியில் உயரம் காட்டுகிறதே, அது சரியா?

உதவும், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் விமானம் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி தகவலைக் காட்டுகின்றன. அதில் வரும் உயரம், கடல் மட்டக் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. கோலாலம்பூரில் அழுத்தம் பல நாள்களில் அதைவிடச் சில புள்ளி குறைவு. ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 27 அடி வித்தியாசம். 1009 என்றால் நூறடிக்கு மேல் பிசகும். 10,000 அடியில் போகிறவருக்கு அது ஒன்றும் இல்லை. 1,000 அடியா 900 அடியா என்று சண்டை போடும் நமக்கு அதுதான் எல்லாமே.

இன்னொன்று, அது கடல் மட்டத்திலிருந்து சொல்லும் உயரம். உங்கள் வீடு மேட்டில் இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். எல்லாச் சின்ன விமானங்களிலும் இந்தக் கருவி இருக்காது. ராணுவ, போலீஸ் விமானங்கள் பல நேரம் காட்டவே காட்டாது. செயலியில் இல்லை என்பதால் கள்ளத்தனமாகப் பறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரே விமானம் ஐந்தாறு தடவை சுற்றிச் சுற்றி வந்தது. வேவு பார்க்கிறதா?

ஓட்டக் கற்கிறார்கள். ஏறி, இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பி, ஓடுபாதைக்கு இணையாகப் போய், மறுபடி திரும்பி இறங்கி, சக்கரம் தொட்டதும் நிற்காமல் மீண்டும் ஏறுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பொதுவான உயரம் விமான நிலையத் தரையிலிருந்து 1,000 அடி. ஒரு சுற்றுக்குச் சில நிமிடம்தான்.

சத்தம் திடீரென்று நின்றுவிட்டது, பிறகு உறுமிக்கொண்டு வந்தது. ஏன்?

எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று பயிற்சி. பயிற்றுநர் எஞ்சின் விசையை அடியோடு குறைத்துவிட்டு, "இப்போது எங்கே இறங்குவாய்?" என்று கேட்பார். மாணவர் இடம் தேர்ந்தெடுத்து அதை நோக்கிச் சறுக்குவார். வேண்டிய அளவு பார்த்ததும் மறுபடி விசை கொடுத்து ஏறுவார்கள். இதை ஊருக்கு வெளியே, வயலும் தோட்டமும் உள்ள பகுதிகளில்தான் செய்ய வேண்டும். வீடுகளுக்கு மேல் அடிக்கடி இப்படி நடந்தால் தேதி, நேரம் குறித்து வையுங்கள்.

மழை வரும் நேரத்தில் இன்னும் தாழப் போகிறார்களே?

மேகத்துக்காக. கண்ணால் பார்த்து ஓட்டுபவர் கட்டுப்பாட்டு வான்பகுதியில் மேகத்துக்குக் கீழே 1,000 அடி விலகி இருக்க வேண்டும். பக்கவாட்டில் 1,500 மீட்டர். மேகத்தின் அடி 2,500 அடியில் நின்றால் அவருக்கு மேல் எல்லை 1,500 அடி. மதியம் மூன்று மணிக்கு மேல் நம் ஊரில் மேகம் எப்படிக் கறுத்துக்கொண்டு இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதோடு 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். 2015, 2019 புகைமூட்டக் காலங்களில் தூரத்துக் கட்டடமே மறைந்துபோனது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் சின்ன விமானம் ஒன்று தாழப் போனால், அதை மட்டும் நான் உடனே கவனிப்பேன்.

ஹெலிகாப்டருக்கு விதி கிடையாதா?

உண்டு. ஆனால் போலீஸ், தீயணைப்பு மீட்பு, ஆம்புலன்ஸ் வேலைகளுக்கு அனுமதியோடு தாழப் பறக்கலாம். எஞ்சின் நின்றாலும் மேல் இறக்கை காற்றில் சுற்றியபடியே சின்ன இடத்தில் இறங்க அதற்கு வழி இருக்கிறது. போலீஸ் என்றால் பக்கவாட்டில் போலிஸ் என்று மலாயில் எழுதியிருக்கும். பொம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புப் படையுடையது சிவப்பாக இருக்கும். வாலில் உள்ள விசிறி வெளியே தெரியாமல் ஒரு வளையத்துக்குள் மூடியிருந்தால் ஏர்பஸ் கம்பெனி வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

தைப்பூசத்தில் பத்துமலையை நினைத்துப் பாருங்கள். திறந்தவெளிக் கூட்டம் என்று விதி சொல்வது இதைத்தான். அந்த நாளில் படிக்கட்டுக்கும் 42.7 மீட்டர் முருகன் சிலைக்கும் மேல் வேடிக்கை பார்க்கச் சாதாரணத் தனியார் விமானம் தாழ வரக்கூடாது. பாதுகாப்புப் பணியில் அனுமதியோடு வருவது வேறு.

போர் விமானம் இரைச்சலோடு போனது. எங்கே புகார் செய்வது?

ராணுவ விமானங்கள் அரசு விமானங்கள். சாதாரண விமானங்களுக்கான அனைத்துலக விதிகள் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆகஸ்ட் கடைசியில் என்றால் 31-ஆம் தேதி சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள், நல்ல காட்சி.

நான் பினாங்கில் இருக்கிறேன். இங்கேயும் இதே கதையா?

விதி ஒன்றுதான், நிலம் வேறு. பினாங்குக் கொடிமலையின் உச்சி 833 மீட்டர், 2,733 அடி. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடியில் கடலோரமாகப் போகும் விமானத்தை மலைமேல் நின்றால் கீழே குனிந்துதான் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் என் அத்தைக்கு அது பெரிய அதிசயம். விமானம் தாழவில்லை, அத்தை உயரத்தில் நின்றார்.

பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையத்துக்கு வடகிழக்கிலிருந்து இறங்க வருபவை பினாங்குப் பாலத்தின் தீவுப்பக்க முனைக்கு அருகே வரும். மேலே சொன்ன கணக்குப்படி அங்கே அவை ஆயிரம் அடிக்குச் சற்று மேல் இருக்கும். பாலத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு அது ரொம்ப நெருக்கமாகத் தெரியும். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இருப்பதால் போர் விமானச் சத்தமும் அங்கே சாதாரணம்.

ட்ரோன் விடலாமா?

அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் விடக்கூடாது. விமான நிலையத்தை ஒட்டிய வான்பகுதியில் அனுமதி இல்லாமல் விடவே கூடாது. ஊருக்கு வெளியே விமானத்தின் கீழ்வரம்பு 500 அடி. நடுவே இருப்பது வெறும் நூறு அடி. ட்ரோன் வைத்திருக்கும் தம்பிகள் இதை யோசிக்க வேண்டும். விமானத்தை நோக்கி லேசர் அடிப்பதும் குற்றம். இறங்கும் நேரத்தில் விமானியின் கண்ணில் பட்டால் சில விநாடி அவருக்கு எதுவும் தெரியாது.

உண்மையிலேயே தாழப் பறந்ததாகத் தெரிந்தால் என்ன செய்வது?

சிஏஏஎம்-க்கு எழுதுங்கள். கோபமாக ஒரு பக்கம் எழுதுவதைவிட, ஐந்து வரியில் விவரம் எழுதினால் அவர்களால் ஏதாவது செய்ய முடியும். தேதி. நிமிடம்வரை நேரம், ஏனென்றால் ரேடார் பதிவோடு ஒப்பிட நேரம்தான் சாவி. நீங்கள் நின்ற இடம். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது. சிறகு மேலா கீழா, எத்தனை எஞ்சின், சக்கரம் வெளியே இருந்ததா. பதிவு எண் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ஸ்கேலில் எத்தனை சென்டிமீட்டர், உங்கள் கை நீளம் எவ்வளவு. பக்கத்தில் உள்ள உயரமான கட்டடம் எது. வீடியோ எடுத்திருந்தால், கட்டடமோ விளக்குக் கம்பமோ படத்துக்குள் வருகிற மாதிரி எடுத்தது மட்டும் பயன்படும். வெறும் வானத்தில் ஒரு புள்ளி எதையும் நிரூபிக்காது.

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள ஒரு பதிவை அப்படியே தருகிறேன், எழுதும் முறை புரியட்டும்: "சனி, காலை 9.42. வீட்டு மாடி. தெற்கிலிருந்து வடக்கு. உயர்சிறகு, சாய்வுக் கம்பி உண்டு, ஒற்றை எஞ்சின், சக்கரம் வெளியே. நேர் உச்சி. ஸ்கேல் 2.9 செ.மீ., கை 60. செஸ்னா 172 என்றால் 228 மீட்டர், சுமார் 750 அடி. மேகம் மிகத் தாழ்வு. அடுக்குமாடி 400 மீட்டர் கிழக்கே." இதை அனுப்பினேன். விமானம் எதுவோ, மேகம் கீழே இறங்கியதால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு திரும்பி வந்ததோ, அதை அவர்கள் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் தேடுவதற்கு வேண்டியதெல்லாம் அந்த வரிகளில் இருக்கிறது.